சிறுத்தைக்கு விட்டுவைத்த கரும்பு

அன்றைக்கு எங்கள் கரும்புக் கொல்லையில் இருந்தவர்கள் பத்துப் பேர். நான், என் வீட்டுக்காரர், வெட்டு மேஸ்திரி, அவருடைய ஆட்கள் ஆறு பேர், ஆலைக்குக் கரும்பு ஏற்ற வந்த லாரி டிரைவர். முப்பது பேர் பார்த்ததாக மடுகரை டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். அதனால்தான் எண்ணி எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் கரும்பை நாலு ஓரத்திலிருந்தும் உள்நோக்கி வெட்டிக்கொண்டு வருவார்கள். உள்ளே ஒண்டியிருக்கும் கீரி, முயல், எலியெல்லாம் நடுவே நகர்ந்து நகர்ந்து கடைசித் திட்டில் சேர்ந்துவிடும். அந்தத் திட்டை வெட்டும்போது ஆட்கள் சாக்கும் தடியுமாகச் சுற்றி நிற்பார்கள். நான் மட்டும் மோட்டார் கொட்டகைப் படியில் ஏறி நின்றுகொள்வேன். வருஷா வருஷம் பாம்பு வருமென்று எதிர்பார்ப்பது என் வழக்கம்.

பாம்பு வரவில்லை. தங்க நிற உடம்பில் கறுப்புப் புள்ளியாகப் போட்ட ஒரு குட்டி வந்தது. ஓடவில்லை. நடந்து வந்து மேஸ்திரியின் காலில் முதுகைத் தேய்த்தது.

மேஸ்திரி அசையவில்லை. "யாரும் ஓடாதீங்க. சிறுத்தைக் குட்டி. தாய் உள்ளதான் கீது."

வடக்கே எங்கோ கரும்பு வெட்டும்போது சிறுத்தைக் குட்டிகள் கிடைத்த வீடியோ அவர் போனில் இருந்தது. நின்ற இடத்திலேயே போட்டுக் காட்டினார். குட்டியைத் தொடக்கூடாது, மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது, கண்ட இடத்திலேயே விட்டுவிட்டால் தாய் வந்து கவ்விக்கொண்டு போகும் என்று அதில் ஒருவர் சொன்னார்.

"அண்ணே, நாம தொடலண்ணே. அது உன்னத் தொடுது. அதுக்கு வீடியோல இன்னா போட்டுக்கீது?" என்று ஓர் ஆள் கேட்டான்.

"பேசாம நில்லுடா."

கரும்புத் தோகையால் அதை மெல்லத் தள்ளித் திட்டுக்குள் அனுப்பினார்கள். அது அந்தப் பக்கமாக வெளியே வந்து, டிரைவர் டிபன் டப்பாவைத் திறந்து வைத்த இடத்தில் உட்கார்ந்து கருவாட்டைத் தின்றது.

"சிறுத்தை கருவாடு துண்ணுமா?" என்றார் டிரைவர்.

"பசிச்சா எதுவும் துண்ணும். நீ துண்றியே" என்றார் மேஸ்திரி.

கடைசியில் தாய்க்காக இரண்டு சென்ட் கரும்பை வெட்டாமல் விட்டுவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள். லாரி குறை லோடோடு போயிற்று. என் வீட்டுக்காரர் அன்று முழுக்க ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இல்லாத சிறுத்தைக்கு முக்கா டன்னு கரும்ப எழுதி வெச்சிட்டான்."

நான் எட்டாவதோடு நின்றவள். போனில் ஒருவர் சட்டை போட்டுக்கொண்டு பேசினால் நம்பிவிடுவேன். தொட்டால் வனத்துறை பிடித்துப் போகும், தொடாவிட்டால் அது செத்துப்போகும், செத்தால் எங்கள் நிலத்தில் செத்ததென்று அதற்கும் வனத்துறை வரும். எந்தப் பக்கம் போனாலும் ஜீப் வந்து நின்றது.

மறுநாள் காலை தனியாகப் போனேன். குட்டி மோட்டார் கொட்டகையில், நான் வழக்கமாக ஏறி நிற்கும் படியில் படுத்திருந்தது. என்னைப் பார்த்து மியாவ் என்றது. கிட்டே போனதும் இரண்டு விஷயம் தெரிந்தது. கழுத்தைச் சுற்றி முடி தேய்ந்து ஒரு வளையம் இருந்தது. சிறுத்தைக்கு யாரும் கழுத்துப் பட்டை கட்ட மாட்டார்கள். வால் பக்கம் சீழ் வடிந்தது.

வரப்பில் நான் நடந்தால் பின்னாலேயே வந்தது. நின்றால் நின்றது. என் வாழ்க்கையில் நான்தான் எல்லோர் பின்னாலும் போவேன், கதவைப் பூட்டினீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்டுக்கொண்டு. என் பின்னால் ஒன்று வருவது அதுவே முதல் தடவை.

கோழி கொண்டுபோகும் கூடையில் அதை வைத்து, மேலே துண்டு கட்டி, என் வீட்டுக்காரர் ஓட்டிய வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். வழியில் போலீஸ் நின்றால் உள்ளே கோழி என்று சொல்வதாக ஏற்பாடு. யாரும் நிற்கவில்லை. கால்நடை டாக்டர் துண்டை விலக்கிப் பார்த்தார்.

"சார், இது சிறுத்தைங்களா?"

"இது சிறுத்தைன்னா நான் சிங்கம். பெங்கால் பூனைம்மா. ஆசியாவுல இருக்கிற ஒரு காட்டுப்பூனையையும் வீட்டுப் பூனையையும் கலந்து வெளிநாட்டுல உண்டாக்கின சாதி. குட்டியும் இல்ல, நாலஞ்சு வயசு."

யாரோ குட்டி விற்பதற்காக இதை ஈன வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், கர்ப்பப்பை சீழ் பிடித்ததும் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள் என்றார். இரண்டு நாளில் ஆபரேஷன் செய்யாவிட்டால் பிழைக்காது. அந்த வசதி அங்கே இல்லை. இப்படி வீசப்படும் சாதிப் பூனைகளை எடுத்து, வைத்தியம் பார்த்து, வீடு தேடிக் கொடுக்கும் ஓர் அம்மா புதுச்சேரியில் இருப்பதாகச் சொல்லி நம்பர் கொடுத்தார்.

அந்த அம்மா அன்றைக்கே காரில் வந்து எடுத்துப் போனார். ஆபரேஷனுக்கு எட்டாயிரம் ஆயிற்று, பூனை பிழைத்தது என்று போன் வந்தது. அதே வாரம் மேஸ்திரி தப்பட்டைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து அடிக்கச் சொல்லி, மீதித் திட்டை வெட்டினார். ஒரு கீரி ஓடிற்று. தாய் முந்தியே கிளம்பிப் போய்விட்டதாக அவர் முடிவுக்கு வந்தார்.

பூனையை நான் வளர்க்கிறேன் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். கேட்டது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கேட்டால் கொடுத்துவிட மாட்டார்களாம். வீட்டைப் பார்க்க வேண்டும், பாரம் நிரப்ப வேண்டும். சென்னையில் ஒரு ஜோடியும் கேட்டிருந்தார்கள். ஏழாம் மாடி, ஜன்னலுக்கெல்லாம் வலை, பூனைக்குத் தனி அறை. எங்களுடையது சிமெண்ட் ஷீட் போட்ட வீடு, ஒட்டினாற்போல் மாட்டுக் கொட்டகை.

அந்த அம்மா வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவை எடுத்தார்.

"ஜன்னலுக்கு வலை இருக்கா?"

"இல்லைங்க."

"பூனை வெளிய போனா?"

அதைத்தான் மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே போனால் ஊரில் பாதிப் பேர் இன்னும் சிறுத்தை என்றே நம்புகிறார்கள், தடியோடு வருவார்கள் என்றேன். நெல்லுக்கு எலி மருந்து வைப்பார்கள், செத்த எலியை இது தின்னும் என்றேன். ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் சந்து, தெருநாய் மூன்று, பால் வண்டி காலையில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் பார்ப்பதில்லை, கிணற்றுக்கு மூடியில்லை, மாடு மிதிக்கலாம், விட்டுப்போனவனே புள்ளியைப் பார்த்து ஆசைப்பட்டுத் திருடலாம். பெயரை எழுதும் கட்டத்திலேயே அந்த அம்மாவின் பேனா நின்றுவிட்டது.

என் வீட்டுக்காரர் எனக்கு உதவுவதாக நினைத்து வாயைத் திறந்தார். "இவளுக்கு இதான் வேலை மேடம். கேஸ் மூடிட்டுப் பஸ் ஏறி, பாகூர்ல எறங்கி, மூடினமான்னு பாக்க அடுத்த பஸ்ஸுல வூட்டுக்கு வருவா."

"வந்து பாத்தா?"

"மூடித்தான் இருக்கும்."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அந்த அம்மா பாரத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் நான் சொன்ன எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். எழுதி முடித்து, "சென்னைக்காரங்க ஒரே ஒரு கேள்வி கேட்டாங்கம்மா, குட்டி போடுமான்னு" என்றார். "கிணத்துக்கு மூடி போடுங்க, சந்தை அடைங்க, வாசலுக்கு வலை கட்டுங்க. மாசா மாசம் வந்து பாப்பேன்."

என் வீட்டுக்காரர் பாகல் பந்தலுக்கு வாங்கிய நைலான் வலையை வாசலுக்குக் கட்டினார். பாகற்கொடி தரையில் படர்ந்தது.

ஆபரேஷன் செலவில் பாதியை நாங்கள் தருவதாகப் பேச்சு, மாதம் ஐந்நூறு. முழுசும் கட்டியதும் பூனையை என் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுவார், பிறகு மாதப் பார்வையும் கிடையாது. ஏழு தவணை கட்டிவிட்டேன். எட்டாவது தவணைக்கான பணம் அரிசி டப்பாவில் இருக்கிறது. போன மாதம் வந்தபோது, ஆலையிலிருந்து கரும்பு பில் பணம் இன்னும் வரவில்லை என்று அவரிடம் சொன்னேன். பில் வந்து நாளாகிறது. என் பெயருக்கு வந்துவிட்டால், அது தும்மினாலும் நான் ஒருத்திதான் பதில் சொல்ல வேண்டும். இப்போதைக்கு அவர் மாதா மாதம் வந்து, காதைத் திருப்பிப் பார்த்து, எடை போட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

பாக்கி ஐந்நூறு ரூபாய்.