மத்தியான ரீடிங்

சவூதியில் ஜுபைல் பக்கம் ஒரு தாது அரைக்கும் ஆலையின் லேபில், இரண்டாயிரங்களின் நடுவில், நாலு வருடம் சல்லடை பிடித்தேன். பகல் டூட்டிக்கு நானும், ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து பாய் ஒருவரும். மில்லிலிருந்து வரும் சேற்றுக் குழம்பைப் பிடித்து வந்து, ஓவனில் காயவைத்துச் சலித்து, எவ்வளவு நைசாக அரைபட்டிருக்கிறது என்று தாளில் எழுத வேண்டும். ஒரு சாம்பிளுக்கு இரண்டு மணி நேரம் போய்விடும்.

கோடையில் மத்தியான சாம்பிளுக்கு மில்லின் மேல்தளம் ஏறினால் கைப்பிடிக் கம்பி உள்ளங்கையைப் பொசுக்கும். நாங்கள் ஏறவில்லை. காலை ரீடிங்கைப் பார்த்து, அரைப் புள்ளி கூட்டியோ குறைத்தோ எழுதிவிடுவோம். குத்துமதிப்பு. யார் பார்க்கப்போகிறார்கள் என்கிற தெனாவட்டு.

பார்க்க ஒருவர் வந்தார். என்னைவிட இளையவர், தமிழ் இன்ஜினியர். மோட்டார் இழுக்கும் கரண்ட், தண்ணீரின் அளவு, லேப் கடைசியாகக் கொடுத்த ரீடிங் இவற்றை வைத்து அடுத்த ரீடிங்கைக் கம்ப்யூட்டரே சொல்லிவிடும், அதற்குப் பெயர் சாஃப்ட் சென்சார் என்றார். அதைப் பழக்க எங்களுடைய இரண்டு வருடத் தாள்களை அள்ளிக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்துத் திரையில் காட்டினார். கம்ப்யூட்டரின் கோடும் எங்கள் கோடும் ஒட்டிப் பிறந்தவை போல ஓடின, அதிலும் மத்தியானத்தில் மயிரிழை விலகவில்லை. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? காலை எண்ணைப் பார்த்து எழுதும் வித்தையை அதற்கும் கற்றுக்கொடுத்துவிட்டோமே.

இனி லேபுக்கு ஒரு ஆள் போதும் என்று முடிவானது. சீனியர் என்பதால் சம்பளம் கூடுதல், எனவே பாய்க்கு விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட். மகள் காலேஜ் முடிக்கும் வரை இன்னும் இரண்டு வருடம் எப்படியாவது ஓட்டிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"வாயத் தொறக்காத தம்பி. தொறந்தா ரெண்டு பேரு வேலையும் கலாஸ்."

ஒரு வாரம் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன. பிறகு தாங்காமல் இன்ஜினியரிடம் போய், மத்தியான ரீடிங் எல்லாம் நாங்கள் சாம்பிள் எடுக்காமலே போட்டது, உங்கள் கம்ப்யூட்டர் படித்தது பொய்யை, எங்கள் இருவரையும் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், ஆனால் லேபில் இரண்டு ஆள் வேண்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"அவரு போறாரேன்னு பேசுறீங்கண்ணே, புரியுது. தப்பா எழுதியிருந்தா இவ்ளோ கரெக்டா மேட்ச் ஆகுமா? அவரக் காப்பாத்த உங்க பேரக் கெடுத்துக்காதீங்க."

அந்த லேபில் நான் சொன்ன ஒரே உண்மை அது.

நான் போய்ச் சொன்னது பாய்க்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஊருக்குக் கிளம்பும் அன்று கேம்ப் வாசலில் ஏர்போர்ட் வண்டிக்குக் காத்திருந்தபோது, நம்பினார்களா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் எதிர்பார்க்கவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ். பொய்யன்னு பேரு வாங்காம ஊருக்குப் போறேன்."