வெளித்தாழ்ப்பாள் போட்ட அறை

அவரை எல்லோரும் ஃபியூஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தெட்டு வருடமாக எலெக்ட்ரீஷியன். சுருக்கென்று கோபம் வரும், அடுத்த நிமிடம் போன இடம் தெரியாது. அப்படிப்பட்ட மனுஷன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு பழைய வீட்டை வாங்கினார். வாங்கிய பிறகு, அந்த வாசற்படியைக் கூட மிதிக்க மாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டாள். இருந்த வாடகை வீட்டைக் காலி செய்ய ஒன்பது நாள்தான் பாக்கி.

எல்லாம் பின்பக்கத்து அறை ஒன்றால் வந்த வினை. அதன் ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்புப் பெயின்ட். கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். போதாக்குறைக்கு எதிர்வீட்டில் இருந்த ரிட்டயர்டு டீச்சர் வேறு வாயைத் திறந்துவிட்டார்.

"நான் சின்னப் பொண்ணா இருக்கும்போது என் காதால கேட்டிருக்கேன்மா. 'திறக்காதீங்க, திறக்காதீங்க'ன்னு உள்ள இருந்து அந்த வீட்டுக்காரி கத்துவா. பைத்தியம். புருஷன்காரன் அடைச்சு வெச்சிருந்தான்."

ஃபியூஸின் மனைவி தையல்காரி. அவள் முடிவு செய்தால் செய்ததுதான். "ஒரு பொம்பளைய அடைச்சு வெச்ச வீட்ல நான் அடுப்பு பத்த வைக்க மாட்டேன். நீங்க வேணா போய்க் குடியிருங்க."

"நான் மட்டும் போய் என்ன, சுவரோட பேசிட்டிருக்கவா?" என்று எகிறிவிட்டு, டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார் ஃபியூஸ். கோபம் வந்தால் வேலை செய்வது அவர் பழக்கம். பழைய வயரிங்கையாவது பிடுங்கிப் போடலாம்.

முதலில் அந்த அறைக்குத்தான் போனார். கதவு நிலைக்கு மேலே, வெளிப்பக்கம், ஒரு பல்பு ஹோல்டர். இதன் சுவிட்ச் எங்கே? வயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது சுவரைத் துளைத்து அறைக்குள் போயிற்று. உள்ளே தொங்கிய பல்புக்கும் வெளியே இருந்ததற்கும் ஒரே சுவிட்ச், அதுவும் உள்ளே! அடைபட்டுக் கிடப்பவள் கையில் எந்த மடையன் வெளிவிளக்கின் சுவிட்சைக் கொடுப்பான்?

உள்ளே தொங்கிய பல்பைக் கழற்றிச் சட்டை முனையால் துடைத்தார். சிவப்பு. வேலை பழகிய காலத்தில் ஒரு ஸ்டூடியோவுக்கு இதே மாதிரி லைன் இழுத்திருக்கிறார். சுற்றும்முற்றும் பார்த்தார். இடுப்பு உயரத்தில் கறை படிந்த கல் தொட்டி, அதற்கொரு குழாய், சுவருக்குச் சுவர் கட்டிய கம்பி, அதில் துருப்பிடித்த கிளிப்புகள். போட்டோ கழுவும் இருட்டறை! உள்ளே சிவப்பு வெளிச்சம் மட்டும்தான் ஆகும். வெளியே விளக்கு எரிந்தால் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் வெளிச்சம் பட்டு அத்தனை படமும் பாழ்.

"அடியே! உடனே கிளம்பி வா!" என்று போனில் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு டீச்சரும் பதறி ஓடி வந்துவிட்டார்.

மனைவி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். "அப்போ வெளித்தாழ்ப்பாள்?" என்றாள், விடாக்கண்டியாக.

ஃபியூஸ் டார்ச்சை அடித்தார். கதவின் உள்பக்கம், அதே உயரத்தில், பட்டி வைத்து அடைத்த நான்கு திருகாணித் துளைகள். "இது பழசு. வெளியே இருக்கிறது பின்னாடி வந்தவன் சாமான் போட்டு வைக்க மாட்டினது. ஸ்க்ரூவைப் பாரு, புதுசு. அந்தம்மா தானேதான் உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு வேலை பார்த்திருக்காங்க!"

"புருஷன் கடைத்தெருவில ஸ்டூடியோ வெச்சிருந்தார்தான்," என்றார் டீச்சர் மெதுவாக. "படம் அங்கேயே ரெடியாகுதுன்னுல்ல நினைச்சோம்..."

தொட்டிக்கு அடியில் ஒரு தகர டப்பா இருந்தது. மனைவிதான் குனிந்து எடுத்தாள். உள்ளே சரியாக வராத படங்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சில் எழுத்து. ஒன்றில் ரிப்பன் கட்டிய ஒரு சிறுமி, பயந்துபோன முகத்தோடு. தையல்காரி திருப்பி வாய்விட்டுப் படித்தாள்.

"எதிர்வீட்டுப் பெண். பயந்திருக்கிறாள். நாளைக்கு வரச் சொல்லி மறுபடி எடுங்கள். வாசல் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன், சிரித்தால் அவ்வளவு அழகு."

டீச்சர் அதைக் கையில் வாங்கினார். "மறுநாள் கூப்பிட்டாங்க. மிட்டாய் கொடுத்துச் சிரிக்க வெச்சு எடுத்தாரு. அந்தப் படம்தான் இன்னிக்கும் எங்க கூடத்தில மாட்டியிருக்கு." படத்தைத் திருப்பி அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்தார். "அவங்களையா நான் ஆயுசு பூரா பைத்தியம்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்? ஐயோ, பாவி நான்."

தையல்காரி அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஜன்னல் பக்கம் நின்று, மெஷின் போட இடம் போதுமா என்று கையால் அளந்தாள்.

"அந்தக் கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டிடுங்க. வெளித்தாழ்ப்பாளையும் கழட்டிடுங்க," என்றாள் கணவனிடம். "புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்து, அந்த நாலு ஓட்டையிலயே மாட்டுங்க."