சத்தம் வரும், பொறுங்கோ

குசினி மேசையில் லப்டொப்பைத் திறந்து வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டு, எல்சி குனிந்து, காதைக் கொண்டுபோய் அதன் எழுத்துக்கட்டைகளின் மேல் வைத்தாள். திரை கறுப்பு. அது கறுத்துப்போய் மாதக்கணக்காகிவிட்டது. உள்ளே விசிறி சுற்றியது, ஏதோ கிறுகிறுத்தது, பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அடுப்பில் கேத்தல் மூடியைத் தள்ளிக்கொண்டு கொதித்தது. அவள் அசையவில்லை. கடைசியில், கணினி விழிக்கும்போது போடுகிற அந்தச் சின்னப் பாட்டுத்துண்டு வந்தது. "கிடக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிமிர்ந்து, அதை அணைத்து மூடினாள்.

"இன்னும் சாகேல்லையோ உது?" கிணற்றடியிலிருந்து புருஷன் கேட்டான்.

"காலங்காத்தால வாய் வைக்காதேங்கோ!"

புருஷனுக்குப் பேர் பற்றிக். துறைமுகத்தில் இழுவைப்படகு ஒன்றில் எஞ்சின் பார்ப்பவன். கப்பல் எஞ்சினையே கழற்றிப் பூட்டுகிறவனிடம் இந்தச் சின்னப் பெட்டியைக் கொடுத்துப் பார்த்தாள். திறந்து பார்த்தவன் கையை விரித்துவிட்டான். "உள்ளுக்கை ஒரு பச்சைத் தகடு கிடக்கு. ஆரோட கதைக்கிறது?"

பாலையூற்றிலிருந்து நகரத்துக்கு எல்சி சைக்கிளில்தான் போவாள். லப்டொப்புக்கென்று வந்த கறுப்புப் பையை அவள் தொடுவதில்லை. புடவைக்கடையில் கொடுத்த, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பையில் போட்டு முன் கூடையில் வைப்பாள். "மூடிக் கொண்டுபோனாத்தானே என்னெண்டு கேப்பினம்?" அடையாள அட்டை வீடு விட்டு இறங்கும்போதே கையில் இருக்கும். சைக்கிள் பிடியும் அட்டையும் ஒரே கையில்.

தொழில் மொழிபெயர்ப்பு. சுனாமிக்குப் பிறகு நகரத்து ஓர்ஸ் ஹில்லில் முளைத்த உதவி நிறுவனங்களின் கந்தோர்களில் எல்சியைத் தெரியாத ஆளில்லை. சண்டை திரும்பத் தொடங்கி, ஊர் ஊராகச் சனம் முகாம்களுக்கு வந்த பிறகு வேலை தலைக்கு மேல். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றிலும் ஓடுவாள். அதிகாரிகள் மூச்சுவிடாமல் பேசினால், "ஐயா, ஒரு முற்றுப்புள்ளி வையுங்கோ, நானும் சீவிக்கோணும்" என்று மூன்று மொழியிலும் சொல்வாள்.

'அவ சொல்லுறா, இவர் சொல்லுறார்' என்கிற பேச்சு அவளிடம் கிடையாது. முகாமில் ஒரு பெண் "என்ர வீடு எரிஞ்சு போச்சு" என்றால், எல்சியும் கண்ணை மூடிக்கொண்டு இங்கிலீஷில் என் வீடு எரிந்துபோனது என்றே சொல்வாள். அதுதான் முறை என்பாள். பின்னேரம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "இண்டைக்கு என்ர வீடு மூண்டு தரம் எரிஞ்சது" என்பாள். பற்றிக் தேத்தண்ணீரை நீட்டுவான். வேறென்ன செய்வது?

இந்த வேலை முழுக்க அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. பென்டிரைவ் ஒன்றில் போட்டு இலேசாகக் கொண்டுபோகலாமே என்று கேட்பீர்கள். கொண்டுபோனாள். சென்றியில் பறித்துக்கொண்டார்கள். விரலளவுச் சாமானை அங்கே போட்டுக் காட்ட வழியில்லை. போட்டுக் காட்ட முடியாத எதற்கும் அங்கே இடமில்லை.

சென்றி என்பது இராணுவச் சோதனைச்சாவடி; நகரத்துக்குள் போகிற சந்தியில் இருந்தது. மணல்மூட்டை, தகரக் கூரை, நடுவில் ஆட்கள் வரிசையாய்ப் போக ஒரு கயிறு. "தாலா பென்னன்ன" என்பார்கள் சிங்களத்தில், போட்டுக் காட்டு. திரை எரிந்தால் அது கணினி. எரியாவிட்டால் உள்ளே வேறு என்னவும் இருக்கலாம், குண்டும் இருக்கலாம். கணக்கு அவ்வளவுதான்.

போன மாரியில் ஒரு மழைநாள், அங்கே நின்ற சிப்பாய் லப்டொப்பை வாங்கி ஈர மணல்மூட்டையின் மேல் வைத்தான். கையை எடுக்கவில்லை, அது சறுக்கித் தார் றோட்டில் மூலையடிபட விழுந்தது. பாவம், அவனுக்கே முகம் செத்துப்போனது. தன் சட்டைக் கையாலேயே துடைத்து நீட்டினான். போட்டால் திரை வரவில்லை. இருவரும் மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள். அப்போதுதான் பாட்டு வந்தது. "ஹரி, ஹரி" என்றான் அவன், சரி சரியென்று, பெரிய பாரம் இறங்கின மாதிரி.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. வீட்டில் பழைய கொழுத்த மொனிட்டர் ஒன்றைத் தையல் மெஷின் மேசையில் ஏற்றி, அதில் கொழுவி வேலை செய்தாள். கந்தோர்களிலும் ஒரு மொனிட்டர் கொடுத்தார்கள். சென்றியில் மட்டும் மொனிட்டர் இல்லை, அங்கே பாட்டுத்தான். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தால் எல்சி திரும்பிப் பார்க்காமலே சொல்வாள்: "சத்தம் வரும், பொறுங்கோ." சிப்பாய்கள் அவளுக்குச் 'சத்த அக்கா' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

கேட்கச் சிரிப்பாய்த்தான் இருக்கும், பின்வளவுத் தங்கரத்தினத்தின் மகனை நினைக்காவிட்டால். அவன் பழுதான றேடியோ ஒன்றைத் திருத்தக் கொண்டுபோனவன். அதே சென்றி, அப்போது வேறு ஆட்கள். போட்டுக் காட்டு என்றார்கள். பழுதான றேடியோ எங்கே பாடும்? பாடாதபடியால்தானே கொண்டுபோகிறான்! விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று ஏற்றிப் போனார்கள். சைக்கிள் மட்டும் திரும்பி வந்தது. தங்கரத்தினம் இன்னும் அதற்குக் காற்றடித்து வைக்கிறாள்.

கடைவீதியில் ஸுஹைரின் திருத்தும் கடைக்கு எல்சி போகாமலில்லை. அவன் மூடியின் பிணைச்சலைக் கம்பி போட்டு இறுக்கிக் கொடுத்தான். "ஸ்கிரீன் இஞ்ச கிடைக்கா அக்கா. கொழும்புக்குத்தான் அனுப்போணும்."

"அனுப்பு தம்பி."

"ஆரு கொண்டுபோற?"

பஸ் கண்டக்டரைக் கேட்டாள். "எரியாத சாமானோ? என்னை விடுங்கோ அம்மா, நான் பிள்ளைகுட்டிக்காரன்" என்று கும்பிட்டான். தானே கொண்டுபோவதென்றால், கொழும்பு வரைக்கும் எத்தனை சென்றியோ, அத்தனையிலும் இந்தப் பாட்டை நம்பி நிற்க வேண்டும். அங்கே போய் லொட்ஜில் தங்கினால் பொலிஸ் பதிவு, விசாரணை, எங்கே பிறந்தாய் என்கிற கேள்வி. திருத்துகிற கதை அதோடு முடிந்தது.

மாற்றுகிற கதையை நபீஸா தொடங்கினாள். ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோருக்கு நிர்வாகம் அவள்தான். அந்தக் கந்தோர் மூடப்படப் போகிறது; வெள்ளைக்காரர்கள் பெட்டி கட்டியாயிற்று. "ஒரு லப்டொப் மிச்சம் கிடக்கு எல்சி, புதுசு மாதிரி. எடுத்துக்கொண்டு போங்கோவன். கடிதமும் தாறன்."

"கந்தோரைப் பூட்டின பிறகு உங்கட கடிதம் உண்மையோ எண்டு ஆரிட்டக் கேப்பாங்கள்?" என்றாள் எல்சி. "பழசை அவங்களுக்குத் தெரியும் நபீஸா. உடைச்சதே அவங்கள்தானே. புதுசு எண்டா ஆர் தந்தது, ஏன் தந்தது, எங்க கொண்டுபோறாய்... நான் முதலில இருந்து தொடங்கோணும்."

இதை வீட்டில் சொன்னாள், சொன்னது பிழை. பற்றிக் துள்ளினான். "உனக்கென்ன விசரே? எரியிறதை வேண்டாமெண்டிட்டு எரியாததைக் காவிக்கொண்டு திரியிறாய்!"

"பாடுதுதானே!"

"பாடாட்டி?"

எல்சி பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள்.

அவன் வாய் வைத்ததாலோ என்னவோ, அந்தக் கிழமையே பாட்டுக்குத் தொண்டை கட்டிவிட்டது. காதை வைத்தால்தான் கேட்டது. ஸுஹைர் குலுக்கிப் பார்த்துவிட்டு, "ஸ்பீக்கர் வயர் விடப் பார்க்குது அக்கா. எப்ப விடும் எண்டு சொல்ல ஏலா. பிரிச்சா உள்ளதும் போயிரும்" என்றான். எல்சி ஒரு முடிவும் எடுக்கவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள்.

வெள்ளிக்கிழமை நபீஸாவின் கந்தோருக்குக் கடைசி நாள். அன்று காலை சென்றியில் ஒரு முகமும் தெரிந்த முகமாய் இல்லை. பழைய ஆட்களை மாற்றிவிட்டிருந்தார்கள். மீசை அரும்பத் தொடங்கிய ஒரு பொடியன் பிளாஸ்டிக் பையைக் காட்டி, "தாலா பென்னன்ன" என்றான்.

எல்சி திறந்து போட்டாள். திரை உடைந்துவிட்டது தம்பி, சத்தம் வரும் என்று நல்ல சிங்களத்தில் சொன்னாள். அவன் கறுப்புத் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பின்னால் நகர்ந்து துவக்கை உயர்த்தினான். வரிசை யாரும் சொல்லாமலே விலகியது. எல்லாரும் அவளுக்குத் தெரிந்த சனம்தான். போன ஞாயிறு கோயிலில் அவள் பக்கத்தில் இருந்த பெண்கூடப் பிள்ளையை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். தார் றோட்டில் எல்சியும் லப்டொப்பும் மட்டும் நின்றார்கள்.

அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தங்கரத்தினத்தின் வளவில் சாத்தியிருக்கிற அந்தச் சைக்கிள்தான் கண்ணுக்குள் நின்றது. தினமும் குசினியில் செய்கிறதைச் செய்தாள்: லப்டொப்பைச் சைக்கிள் கரியரில் வைத்துக் குனிந்து காதைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்தாள். தலையையே அதன் மேல் வைத்துக்கொண்டு நிற்கிற பெண்ணை என்ன செய்வதென்று பொடியனுக்குத் தெரியவில்லை.

பாட்டு வந்தது. அவளுக்கு மட்டும் கேட்டது. "வந்திட்டுது!" என்று தமிழில் கத்திவிட்டாள். பொடியன் தலையை ஆட்டினான். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அணைத்தாள். திரும்பப் போட்டாள். தலையைக் கொஞ்சம் ஒதுக்கி, வா என்று கையால் கூப்பிட்டாள். அவன் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு வந்து, மெல்ல மெல்லக் குனிந்தான். அவனுடைய மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. விசிறி சுற்றியது, கிறுகிறுத்தது, ஒன்றுமில்லாமல் இருந்தது. கடைசியில் கொசு ரீங்காரமிடுகிற அளவில் அது பாடியது.

"யன்ன" என்றான் நிமிர்ந்து. போ.

உயிர் போய் உயிர் வந்தது. சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே ஓர்ஸ் ஹில் ஏறினாள். நபீஸாவின் மேசைக்கு முன் போய் நின்று, ஒரு முன்னுரையும் இல்லாமல், "தாங்கோ அதை" என்றாள். நபீஸா அவள் முகத்தைப் பார்த்தாள். கதிரையை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். லப்டொப்பையும் கடிதத்தையும் எடுத்து வைத்தாள்.

பின்னேரம் அதே பொடியன்தான் நின்றான். பையில் இரண்டு இருப்பதைக் கண்டு புதியதைக் காட்டினான். எல்சி கடிதத்தை முன்கூட்டியே விரித்துப் பிடித்திருந்தாள். வழியெல்லாம் பதில்களைச் சிங்களத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவள். அவன் கடிதத்தைப் பார்க்கவேயில்லை. அவள் பொத்தானை அமுக்கியதும் திரை பளிச்சென்று எரிந்தது. "ஹரி, யன்ன, யன்ன" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டான். காலையில் விலகிப்போன வரிசை இப்போது அவள் முதுகோடு இடித்துக்கொண்டு நின்றது.

எல்சி நகரவில்லை. கடிதத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெளிச்சம் முகத்தில் விழக் குனிந்து, கண்ணை மூடி, காதை எழுத்துக்கட்டைகளின் மேல் வைத்தாள்.