உப்பளத்துக்குப் பிடித்த குடை

இன்று காலை பல் துலக்கி முடிப்பதற்குள் எங்கள் குடும்பக் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. அனுப்பியவர் என் அக்கா வீட்டுக்காரர். நான் மாமா என்று கூப்பிடுவேன். தங்கமான மனுஷன், கையில் போன் இல்லாதவரை. படத்தில் மரக்காணம் உப்பளம். அதன் நடுவில் ஒரு கறுப்புக் குடை, நாலைந்து ஊருக்கு நிழல் கொடுக்கிற அளவுக்குப் பெரிசு. குடைக் காம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மந்திரி நிற்கிறார். குடைக்குக் கீழே, உப்புக் குவியலுக்குப் பக்கத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஓர் அம்மா. அந்த அம்மாவைச் சுற்றிச் சிவப்பு வட்டம், அதற்கு ஓர் அம்புக்குறி, 'பயனாளி' என்று கொட்டை எழுத்து. படத்துக்கு மேலே மாமாவின் சொந்தச் சரக்கு: 'இதையெல்லாம் எந்த டிவியும் காட்ட மாட்டான். நாமதான் ஷேர் பண்ணணும்.'

காப்பி குடித்து முடிப்பதற்குள் என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை, அதே படத்தைத் திருப்பி அனுப்பினான். அவன் எதிர்க்கட்சி. அதே குடை, அதே மந்திரி, அதே அம்மா. வாசகம்தான் வேறு: 'திட்டம்னு சொன்ன குடை எங்கே? அதுக்கு ஒதுக்குன பணம் எங்கே? இந்தம்மா காசு வாங்கிட்டு நடிக்க வந்த ஆளு.'

மாமா பதில் போட்டார். அவன் பதில் போட்டான். அக்கா நடுவில் புகுந்து 'இன்னிக்குப் பிரதோஷம், சண்டை போடாதீங்க' என்றாள். ஒருத்தர், ஒரே ஒருத்தராவது, இப்படி ஒரு குடை உலகத்தில் இருக்குமா என்று கேட்டிருக்கலாம். இல்லை, பார்த்துச் சிரித்தாவது இருக்கலாம். நீங்களே சொல்லுங்கள், எனக்கு எரிச்சல் வருமா வராதா?

நான் தாங்க மாட்டாமல், 'மாமா, அது சும்மா ஜோக்குக்குப் போட்ட படம்' என்று எழுதினேன். உடனே வந்தது பதில்: 'நீ எப்பப்பா கட்சி மாறுன?'

தலையில் அடித்துக்கொண்டேன். ஏனென்றால் அந்தப் படம் பிறந்தபோது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

நான் முதன்முதலில் சம்பளம் வாங்கியது மரக்காணத்தில், ஈசிஆர் ஓரம் இருந்த ஒரு ஃப்ளெக்ஸ் கடையில். ஃப்ளெக்ஸ் பிரிண்ட் ஆகும்போது வரும் மை நாற்றம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். புதிதாகப் போனவனுக்கு மண்டை கிறுகிறுக்கும். அத்தோடு கிழக்கேயிருந்து உப்புக்காற்று வேறு. அந்தக் காற்றில் இரும்பு எதுவும் பிழைக்காது. கடை ஷட்டர், பேனர் ஃப்ரேம், என் சைக்கிள் எல்லாம் துரு. ஒரு மழைக்காலம் போவதற்குள் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளே துரு பிடித்துவிடும். இப்போதும் பெரிய முதலியார்சாவடியில் என் வீட்டு முக்கில் புதுப் பேனர் கட்டினால் அந்த நாற்றத்துக்கு என் மூக்கு தானாகத் திரும்புகிறது. பேனரில் சிரிக்கிறவரைப் பார்க்கத்தான் மனசு வருவதில்லை.

கடை ஏழுமலை அண்ணனுடையது. டிசைன் போடுவது அன்வர். கூனிமேட்டிலிருந்து பைக்கில் வருவான். நான் பேனரை வெட்டுவது, ஓரம் ஒட்டுவது, கம்பத்தில் ஏறிக் கட்டுவது. அன்வருக்கு என் வயசுதான், ஆனால் கையில் வித்தை வைத்திருந்தான். எந்த முகத்தையும் எந்த உடம்பிலும் தைத்துவிடுவான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கட்சி மாநாடு, முதல் நாள் முதல் காட்சி, அரசாங்கத் திட்ட விளம்பரம், எல்லாம் அவனுடைய ஒரே கம்ப்யூட்டரில் பிறந்தவை. செய்கிற ஒவ்வொரு டிசைனிலும் கீழ் மூலையில், யார் கண்ணுக்கும் படாத மாதிரி, பொடிசாக ஒரு டீ கிளாஸ் வைத்துவிடுவான். அது அவன் கையெழுத்து. பெரிய தலைவரின் செருப்புக்குப் பக்கத்தில் கிளாஸ் இருக்கும். ஊரே அந்தப் பேனருக்குக் கீழே நின்று பஸ் பிடிக்கும், ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும், கம்பத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்போம்.

ஆர்டர் இல்லாத மத்தியானங்களில் அவன் தமாஷ் படம் போடுவான். ஃபேஸ்புக்கில் எங்களுக்கு ஒரு பக்கம் இருந்தது, பேர் 'உப்புக் கண்டம்'. யார் நடத்துகிறார்கள் என்று அதில் இருக்காது. அரசியல், சினிமா, எல்லாம் உண்டு. எங்கள் கவுன்சிலர் தணிகாசலம்தான் வாராவாரம் மாட்டுவார். அவர் மூக்கு கொஞ்சம் தாராளமான மூக்கு. ஒருநாள் அன்வர் அந்த மூக்கின் மேல் கலங்கரை விளக்கத்தை நட்டு, படகுகள் அதைப் பார்த்துக் கரை சேருவதாகப் போட்டுவிட்டான். மறுநாள் கவுன்சிலர் கடைக்குள் நுழைந்தபோது நான் பேனர் சுருளுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"எவன்டா அதப் போட்டது?"

அன்வர் எழுந்து நின்றான்.

"ஏம்பா, லைட் ஹவுஸ்னா அதுல லைட்டு எரியணும்ல? லைட்டே போடாம உட்டுருக்கிற?"

சொல்லிவிட்டு எல்லோருக்கும் டீ சொன்னார். விளக்கு போட்ட படத்தை வாங்கித் தன் போனில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார். சத்தியமாக நடந்தது. இப்போது ஒரு வார்டு மெம்பரின் மூக்கைத் தொட்டுப் பாருங்கள், தெரியும் சேதி.

குடைக்கு வருகிறேன். ஒரு கோடையில், உப்பு நன்றாகக் கட்டி வந்த நேரம், பெய்யக்கூடாத மழை பெய்தது. பாத்தியில் வாராமல் கிடந்த உப்பெல்லாம் கரைந்து போயிற்று. உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவர்களுக்கு மழை என்றால் வேலை இல்லை என்று அர்த்தம். பார்வையிட ஒரு மந்திரி வந்தார். அவர் வரப்பில் நிற்க, இரண்டு பேர் அவருக்குக் குடை பிடித்தார்கள். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கரைந்துபோன உப்புக்கு முன்னால், நனையாத ஒரு மனிதருக்குக் குடை. போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள்.

அன்வர் அன்று மத்தியானம் சாப்பிடவே இல்லை. அந்தப் போட்டோவை எடுத்தான், குடை பிடித்த இரண்டு பேரையும் அழித்துக் காம்பை மந்திரி கையிலேயே கொடுத்தான், குடையை இழுத்தான், இழுத்தான், உப்பளம் முழுக்க மூடும்வரை இழுத்தான். கீழே எழுதினான்: 'உப்பளக் குடைத் திட்டம். மழை வந்தால் தானே விரியும். வெயில் வந்தால் தானே மடங்கும்.' மூலையில் டீ கிளாஸ். ஃபேஸ்புக் பக்கத்தில் ஏற்றிவிட்டு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நாங்கள் மறந்தது ஒன்றுதான். நிஜத் திட்ட பேனருக்கு எந்த எழுத்து, எந்த மஞ்சள், எந்த பார்டர் போடுவானோ அதையே கைப்பழக்கத்தில் இதற்கும் போட்டுவிட்டான். எங்கள் ஊர்ப்பக்கத்து ஜனங்களுக்கு அந்த மஞ்சளில், அந்த எழுத்தில் வந்தால் அது அரசாங்கம். முடிந்தது கதை.

மறுநாள் காலை கடை வாசலில் வேதவல்லி அக்கா. உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை அதற்கு. கையில் ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

"ஏம்பா, இந்தக் கொடைக்கு எங்க எழுதிக் குடுக்கணும்? பின்னாடி எட்டு பேரு வர்றாங்க."

அன்வர் என்னைப் பார்த்தான். நான் மெஷினைப் பார்த்தேன். அவனே சொன்னான், "அக்கா, அது வந்து, சும்மா தமாஷுக்குப் போட்டது. அப்படி ஒரு கொடையே இல்ல."

அக்கா அன்வரின் போனை வாங்கி அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு அதற்குச் சிரிப்பு வந்தது. சாதாரணச் சிரிப்பு இல்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டது. "அட கட்டையில போறவனே! நான் ஜெராக்ஸ் எடுத்தேன்டா, இதுக்குப் போயி!" என்று அன்வர் முதுகில் ஓர் அடி வைத்தது. கிளம்பும்போது திரும்பி நின்று, "இம்மாம் பெரிய கொடை போட்டியே, கீழ ஆளே இல்லையே. என்னைய நிக்க வையி. அந்தாளு மட்டும் நின்னா நல்லாவா இருக்குது?" என்றது. வாசலிலேயே இடுப்பில் கை வைத்து நிற்க வைத்துப் போட்டோ எடுத்து, அன்வர் அதைக் குடைக்குக் கீழே சேர்த்தான். அந்தப் புதுப் படத்தையும் ஃபேஸ்புக்கில் போட்டோம். அந்த அக்காதான் இன்று காலை என் மாமாவுக்குப் பயனாளி, என் தம்பிக்கு நடிக்க வந்த ஆள்.

இத்தோடு விட்டதா? அதே வாரம் ஆளுங்கட்சி இளைஞர் அணி ஆள் ஒருத்தர் வந்து 'குடை தந்த கொடை வள்ளலே' என்று நன்றி பேனர் கேட்டார். அவர் பெஞ்சை விட்டு எழுவதற்குள் எதிர்க்கட்சி ஆள் வந்து, 'எங்கள் போராட்டத்துக்குப் பணிந்தது அரசு' என்று கேட்டார். ஒரே பெஞ்ச். ஒருத்தர் கேட்டது இன்னொருத்தர் காதில் விழக்கூடாது என்று இருவரும் கிசுகிசுத்தார்கள். ஏழுமலை அண்ணன் முகத்தில் சிரிப்பே காட்டவில்லை. "ஆர்டர் ஆர்டர்தாம்பா, போடுங்க" என்றார். இரண்டையும் எதிரெதிர்க் கம்பத்தில் நான்தான் ஏறிக் கட்டினேன். சிரிப்பில் கீழே விழுந்திருப்பேன். விஷயம் வெளியே தெரிந்ததும் இரண்டு ஆட்களும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தார்கள், அவ்வளவுதான். பிறகு அவர்களே எங்கள் ஃபேஸ்புக் பக்கத்துக்கு வந்து அடுத்தவன் பேனரைக் கிண்டல் பண்ணி எழுதினார்கள்.

அப்புறம்தான் சினிமாவைக் கிண்டல் பண்ணின அந்தத் தமாஷ் படம் வந்தது. ஒரு பெரிய நடிகருக்கு ரசிகர்கள் கட்அவுட் வைத்துப் பால் ஊற்றினார்கள். கட்அவுட்டே ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு, 'போதும் தம்பிங்களா, சளி புடிக்குது' என்று சொல்வதாக அன்வர் போட்டான். இதில் என்ன தப்பு? அந்த கட்அவுட் கட்டின பையன்களே கடையில் உட்கார்ந்து சிரித்தார்கள். ஆனால் படம் மரக்காணத்தைத் தாண்டி எங்கெங்கேயோ போய்விட்டது. போன இடத்தில் யாரோ கீழே கேட்டான்: 'இந்தப் பேஜ் நடத்துறது யாரு?' தெரிந்த எவனோ, பெருமைக்குத்தான் சொல்லியிருப்பான், அன்வர் பேரைச் சொல்லிவிட்டான்.

'ஓ, அப்படியா விஷயம்' என்று ஒருத்தன் எழுதினான்.

அதற்குப் பிறகு யாரும் பாலைப் பற்றியோ சளியைப் பற்றியோ பேசவில்லை. பேச்செல்லாம் பேரைப் பற்றித்தான். எங்கே போகச் சொன்னார்கள், என்னவெல்லாம் கேட்டார்கள் என்று இங்கே எழுத எனக்கு வாய் கூசுகிறது. பழைய படங்களையெல்லாம் தோண்டி எடுத்தார்கள். மந்திரிக்குக் குடை போட்டது ஏன், அதுவும் கறுப்புக் குடை ஏன் என்று ஆராய்ச்சி. அட பாவிகளா, குடை கறுப்பாக இல்லாமல் பின்னே எப்படியடா இருக்கும்?

அன்வரின் அத்தா கூனிமேட்டிலிருந்து கடைக்கு வந்தார். கருவாட்டு வியாபாரி, அதிர்ந்து பேசாதவர். பையனை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஏழுமலை அண்ணனிடம்தான் சொன்னார்: "நாலு ஊருக்குப் போய் வர்ற ஏவாரம் நமக்கு. சிரிப்பெல்லாம் அவங்களே சிரிச்சிக்கட்டும் தம்பி."

அன்றைக்கே அன்வர் பக்கத்தை மூடினான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "டேய், நீ போட்டுக் குடு, நான் என் பேர்ல போடறேன். என்னை எவன் என்னா கேப்பான்?" என்றேன்.

அவன் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான், "அதத்தாம்பா நானும் சொல்றேன். உன்னை எவனும் கேக்க மாட்டான்."

இப்போது அவன் கூனிமேட்டிலேயே சின்னதாகக் கடை வைத்திருக்கிறான். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கடைப் பெயர்ப் பலகை. தமாஷ் கிடையாது. போன மாதம் அவன் அடித்துக் கொடுத்த பத்திரிகையை மூலை மூலையாகப் பார்த்தேன். கிளாஸ் இல்லை.

காலையில் மாமாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கையோடு அவனுக்குப் போன் போட்டேன்.

"டேய், கொடை திரும்பி வந்துடுச்சுடா."

"எந்தக் கொடை?" என்றவன், சட்டென்று, "வேதவல்லி அக்கா இருக்குதா அதுல?" என்றான். நான் வட்டம், அம்புக்குறி, பயனாளி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரித்தான் பாருங்கள், அந்தப் பழைய சிரிப்பு, மூச்சு முட்டி இருமலில் போய் முடிகிற சிரிப்பு. எத்தனை வருஷமாயிற்று அதைக் கேட்டு. அந்தச் சிரிப்பில் எனக்கும் தெம்பு வந்துவிட்டது.

"எங்க மாமா நம்ப மாட்டேன்றாருடா. நீ போட்டதுன்னு சொல்லிடறேன். மூலையில கிளாஸப் பாருங்கன்னா ஆள் அடங்கிடுவாரு."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"கிளாஸ் தெரியுதா?"

போனைக் காதிலிருந்து எடுத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாமா அனுப்பியதில் அந்த மூலையில் ஒரு கட்சிக் கொடியை ஒட்டியிருந்தார்கள். தம்பி அனுப்பியதில் இன்னொரு கட்சிக் கொடி. கொடிக்கு மேலே கிளாஸின் விளிம்பு மட்டும், தெரிந்தவன் பார்த்தால் தெரியும்.

"கொடிய ஒட்டி மறைச்சிட்டானுங்கடா, ரெண்டு பேரும்."

"நல்லதாப் போச்சு," என்றான் அன்வர். "அப்படியே இருக்கட்டும். எம் பேரு எதுக்குப்பா? பொண்ணு ஸ்கூல் போவுது."

குழுவில் அனுப்ப எழுதிவைத்திருந்த, அன்வர் பேர் போட்ட பதிலை அழித்தேன். நான் பதில் போடாததைப் பார்த்துவிட்டு மாமா, 'என்ன, சத்தத்தையே காணோம்?' என்று எழுதி, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகளை ஒரு வரிசை அனுப்பியிருந்தார்.