உலகத்தையே கல்யாணத்துக்குக் கூப்பிட்ட கடுக்காய்க் கடை

ஜெபீனாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் ரோட்டில் இருக்கிற தன் அத்தா முகம்மது கவுஸின் கடுக்காய்க் கடையில் அவள் போனை எடுத்து ‘ஹலோ’ என்றால், எதிர்ச்சாரியில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சந்தோஷம் வந்தாலும் கத்துவாள், கோபம் வந்தாலும் கத்துவாள். எந்தக் கத்தல் எதற்கு என்று பிரித்துச் சொல்ல அவள் அம்மா தாஹிரா ஒருத்தியால்தான் முடியும்.

இப்படிப்பட்டவள், இத்தாலியில் தோல் பட்டறை நடத்தும் பியாங்கா என்ற அம்மாளை ஒரு வருஷமாகப் பேசிப் பேசியே வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்றால் அதற்கு மெயிலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். மெயிலில் குரல் கேட்காது, பாருங்கள்!

தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். கல்வராயன் மலையில் நல்ல கடுக்காய் விளைகிறது. அதுவரை தரகர்கள் வந்து, அவர்கள் வாயில் வந்த விலையைச் சொல்லி, அள்ளிக்கொண்டு போவதுதான் வழக்கம். “நாமளே நேரா வித்தா இன்னா?” என்று கேட்டவள் ஜெபீனா. கேட்டதோடு நிற்கவில்லை. கடையின் பெயரையே இணைய முகவரியாகப் பதிவு செய்தாள். அந்தப் பெயரில் கடைக்கு ஒரு மெயில், தனக்கு ஒரு மெயில். வெள்ளிமலைக்கு ஏறிப் போய், அங்கே பெண்களைச் சேர்த்துக் கடுக்காய் பொறுக்கும் செவ்வந்தியிடம் பேசினாள். “மண்ணுல கொட்டாதீங்கக்கா. தார்ப்பாய்ல காய வைங்க. சொத்த ஒண்ணு வரக் கூடாது. அவ்ளோவையும் வித்துக் குடுக்கறது என் பொறுப்பு” என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண்களும் இந்தக் கத்தல்காரியை நம்பி, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பாடுபட்டு, மூட்டை மூட்டையாக அடுக்கிவிட்டார்கள்.

மாதிரி போனது. பியாங்காவுக்குப் பிடித்துவிட்டது. “வெள்ளிக்கிழமை மாலைக்குள் விலை அனுப்புங்கள், அன்றே முடிவெடுப்போம்” என்று எழுதினாள். கூடவே ஒரு நிபந்தனை: கடைப் பெயருள்ள மெயிலிலிருந்து மட்டும்தான் வர வேண்டும். யாரோ ஒரு மோசடிக்காரன் வேறு முகவரியிலிருந்து எழுதி அவர்களை ஏமாற்றியிருக்கிறான். அன்றிலிருந்து போனில் சொன்னாலும் ஏற்பதில்லை, தெரியாத முகவரியிலிருந்து வந்தாலும் திறப்பதில்லை.

திங்கட்கிழமை, மலையில் சில நாள் தங்கி மூட்டைகளைத் தரம் பார்த்துவிட்டுத் திரும்பிய ஜெபீனா, விலையை எழுதி அனுப்பினாள். கண் மூடித் திறப்பதற்குள் அது திரும்பி வந்துவிட்டது. ‘உங்கள் பெயர் கருப்புப் பட்டியலில் இருப்பதால் இந்த மெயிலை ஏற்க முடியாது’ என்று இங்கிலீஷில் ஒரு வரி.

வேண்டாத மெயில் அனுப்புகிறவர்களைப் போட்டு வைக்கிற கருப்புப் பட்டியல்கள் பல இருக்கின்றன; எதெதில் நம் பெயர் இருக்கிறது என்று தேடிக் காட்டுகிற பக்கங்களும் இணையத்தில் உண்டு. அப்படி ஒன்றைத் திறந்து கடைப் பெயரைப் போட்டாள். வரிசையாகப் பச்சை வந்தது. பச்சை, பச்சை, பச்சை, அப்புறம் ஒரு சிவப்பு. இன்னும் கீழே போனால் இன்னொரு சிவப்பு!

“ஐயோ! நம்ம பேரு!” என்று அவள் போட்ட கூச்சலில் கடை வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் மூட்டையைக் காலில் போட்டுக்கொள்ளப் பார்த்தார். எடையில் ஒரு கடுக்காய் குறைத்ததில்லை, இந்தக் கடையா கருப்புப் பட்டியலில்? மெயிலுக்குள் யாரோ புகுந்துவிட்டான் என்று நினைத்தாள். பாஸ்வேர்டை மாற்றினாள். கடை மெயிலைத் திறந்தாள். உள்ளே அடைமழைபோல மெயில்கள் கொட்டிக் கிடந்தன.

“பாத்தியா ஜெபி!” என்றார் பின்னால் வந்து நின்ற கவுஸ். வாயெல்லாம் பல். “எவ்ளோ பதிலு! போட்டவொடனே வர ஆரம்பிச்சுது, வந்துக்கினே கீது. நம்ம மேல எவ்ளோ மரியாத பாரு.”

“எதுக்கு அத்தா பதிலு?”

“பைசலு கல்யாணத்துக்குத்தான்!”

பைசல் ஜெபீனாவின் அண்ணன். அவன் நிக்காஹ் நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாண அழைப்பு விஷயத்தில் கவுஸுக்கு ஒரே கொள்கைதான், யாரையும் விடக் கூடாது. “ஒரு வூட்ட வுட்டுட்டா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க” என்பார். கள்ளக்குறிச்சித் தெருக்கள் முடிந்து, ஸ்கூட்டரிலேயே திருக்கோவிலூர், மணலூர்பேட்டை வரைக்கும் போய்ப் பத்திரிகை கொடுத்துவிட்டு வந்தவர். ஜெபீனா மலையிலிருந்த நேரம் பார்த்துக் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறார். தோல் கண்காட்சிகளில் வாங்கி வைத்த விசிட்டிங் கார்டுகள், என்றோ ஒருமுறை விலை கேட்டவர்கள், மூடிப்போன கம்பெனிகள், கேஸ் ஏஜென்சி, இன்சூரன்ஸ்காரர் என்று கம்ப்யூட்டருக்குள் இருந்த அத்தனை முகவரிக்கும் பத்திரிகையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டார். மொத்தமாகப் போகவில்லை என்றதும் மனிதர் சோர்ந்துபோகவில்லை. ஐம்பது ஐம்பதாகப் பிரித்து, தெருத் தெருவாகப் போகிற பொறுமையோடு அனுப்பியிருக்கிறார்.

ஜெபீனா தலையில் அடித்துக்கொண்டாள்.

“அத்தா, இது பதிலு இல்ல. அப்டி ஒரு ஆளே இல்லன்னு திரும்பி வந்தது. இருக்கிறவங்க, யாரு இவுரு, கேக்காமலே அனுப்புறாருன்னு புகார் குடுத்துட்டாங்க.”

“கல்யாணத்துக்குக் கூப்ட்டா புகாரா?” கவுஸ் நிஜமாகவே திகைத்துப்போனார். “இன்னா மனுசங்கம்மா அவங்க?”

செத்துப்போன பழைய முகவரிகள் சிலவற்றைப் பட்டியல்காரர்கள் பொறியாகவே வைத்திருப்பார்கள் என்பதையும் அவள் சொன்னாள். அதற்கு மெயில் அனுப்புகிறவன் யாரைக் கேட்டும் அனுப்பவில்லை என்று அர்த்தம். அத்தா அத்தனை பொறியிலும் காலை வைத்துவிட்டார். அனுப்பியது கடை மெயிலிலிருந்துதான், ஆனாலும் பெயர் ஒன்றுதானே, அவளுடைய மெயிலும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. “தப்பு என்னுதுதான்” என்று முணுமுணுத்துவிட்டு அவர் கல்லாவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு பட்டியலில் ஒன்று, புதிதாகப் புகார் வராவிட்டால் தானாகவே பெயரை எடுத்துவிடும். பியாங்காவின் பட்டறை நம்பியிருந்தது மற்றதை. அதற்கு எழுதிக் கேட்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ஜெபீனா உட்கார்ந்து எழுதினாள். நடந்ததை ஒளிக்காமல் எழுதினாள், முகவரிகளை அழித்துவிட்டோம், இனி நடக்காது என்று எழுதினாள். பரிசீலிக்கிறோம், மறுபடி நடந்தால் லேசில் எடுக்க மாட்டோம் என்று பதில் வந்தது. புதன்கிழமை போனது. நிமிஷத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

வியாழக்கிழமை காலையில் செவ்வந்தியிடமிருந்து போன். “பாப்பா, தரகரு லாரியோட வந்து நிக்கிறாரு. வெல கம்மிதான், ஆனா இன்னிக்கே எடுத்துக்கிறேங்கிறாரு. எங்க பொம்பளைங்க பயப்படுறாங்க. நீ இன்னா சொல்ற?”

போனில் சொல்கிற விஷயமா இது? ஸ்கூட்டரை எடுத்தாள். கோமுகி அணையைத் தாண்டி, மலைப்பாதை வளைவுகளில் ஹாரனை அழுத்திக்கொண்டே வெள்ளிமலை போய்ச் சேர்ந்தாள். கொட்டகை வாசலில் லாரி நின்றது. தராசு இறக்கியாகிவிட்டது. பெண்கள் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

“அந்த வெளிநாட்டம்மா வாங்குறாங்களா இல்லியா? ஒண்ணு சொல்லு பாப்பா” என்றாள் செவ்வந்தி.

வாழ்க்கையில் முதல்முறையாக ஜெபீனாவுக்குக் குரல் எழும்பவில்லை. என்ன சொல்வாள்? என் மெயில் போகவே மாட்டேன் என்கிறது என்றா? போனைப் பார்த்தாள். சிக்னல் இல்லை. “ஒரு நிமிசம்க்கா” என்று கொட்டகைக்குப் பின்னால் இருந்த மேட்டில் விறுவிறுவென்று ஏறினாள். மேலே போனதும் போன் சிணுங்கியது. உங்கள் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, சில மணி நேரத்தில் எல்லா இடத்திலும் சரியாகிவிடும் என்று மெயில்!

அவள் போட்ட கூச்சலில் லாரி டிரைவர் வண்டிக்கு என்னவோ ஆகிவிட்டதென்று கீழே குதித்தார். “செவ்வந்திக்கா! குடுக்காதீங்க! ஒரு மூட்ட குடுக்காதீங்க!” என்று மேட்டிலிருந்தே கத்தினாள். அந்த நேரம் பார்த்துக் கவுஸ் கூப்பிட்டார்.

“ஜெபி, மூணு நாளா எனக்குத் தூக்கமே இல்லம்மா. தப்பு செஞ்சா போய் மாப்பு கேக்கணும், அதான மொற? நான் அனுப்புனதெல்லாம் நீ அழிக்காம வுட்டுட்டு இருந்த. அதுலருந்து எல்லா அட்ரசும் எடுத்துட்டேன். ‘தெரியாம அனுப்பிட்டேன், மன்னிச்சிடுங்க’ன்னு எல்லார்க்கும் எழுதி வெச்சிக்கீறேன். இன்னொரு தபா படிச்சிட்டு அமுக்கிடறேன்.”

அவ்வளவுதான், லைன் அறுந்துவிட்டது. முகவரிகளை அழித்தவள், அத்தா அனுப்பிய மெயில்களை அழிக்க மறந்திருந்தாள். மறுபடி அதே ஆட்களுக்கு, மறுபடி கேட்காமலே! அத்தாவைக் கூப்பிட்டாள், போகவில்லை. இன்னும் மேலே ஏறி அம்மாவைக் கூப்பிட்டாள். அடித்தது! கடைக்கு மேல்தான் வீடு, இரண்டுக்கும் ஒரே மெயின். தாஹிரா கல்யாண வீட்டு மசாலாவை மிக்சியில் அரைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா! மெயின் சுவிட்ச்ச இறக்கு! இப்பவே இறக்கும்மா!”

ஏன், எதற்கு என்று தாஹிரா கேட்கவில்லை. இது எந்தக் கத்தல் என்று அவளுக்குத் தெரியும். மசாலாக் கையோடு ஓடி மெயினை இறக்கினாள். மிக்சி நின்றது, ஃபேன் நின்றது, கீழே கம்ப்யூட்டர் கருத்தது. “ஐயோ, கரெண்டு போச்சே! இப்பத்தான் அமுக்கப் போனேன்!” என்று கவுஸ் கத்தியது போனில் மலை வரைக்கும் கேட்டது. ஜெபீனா அந்த மேட்டிலேயே உட்கார்ந்து சிரிசிரியென்று சிரித்தாள்.

“அவுரைக் கம்ப்யூட்டர் பக்கம் வுடாதம்மா, நான் வர்ற வரைக்கும்!”

கீழே வந்ததும் செவ்வந்தி கேட்டாள், “லாரிய அனுப்பிடட்டுமா பாப்பா?” ஜெபீனா தலையை ஆட்டினாள். லாரி காலியாக இறங்கிப் போனது. இனி பியாங்கா வேண்டாம் என்றால் அத்தனை மூட்டையும் கொட்டகையோடு கிடக்க வேண்டியதுதான் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

சாயங்காலம் கடைக்கு வந்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பட்டியலைப் பார்த்தாள். பியாங்கா பார்க்கிற பட்டியலில் பச்சை! விலையை அனுப்பினாள். திரும்பி வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கவுஸ் வந்தபோது பதில் வந்திருந்தது. விலை கிடைத்தது என்று எழுதியிருந்தாள் பியாங்கா. ஆனால் திங்கட்கிழமை உங்கள் மெயிலை எங்கள் கம்ப்யூட்டர் கருப்புப் பட்டியலைக் காட்டித் திருப்பியிருக்கிறது, ஏற்கெனவே ஏமாந்தவர்கள் நாங்கள், காரணம் தெரியாமல் முடிவெடுக்க முடியாது என்றும் எழுதியிருந்தாள்.

ஜெபீனா ‘ஏதோ மெஷின் கோளாறு’ என்று அடிக்க ஆரம்பித்தாள். கவுஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பொய் எழுதாத. நான் செஞ்சன்னு எழுது. மவன் கல்யாணம், யாரையும் வுடக் கூடாதுன்னு ஆசப்பட்டு, தெரியாதவங்க வூட்டுக் கதவையெல்லாம் தட்டிட்டேன். பொண்ணு மேல தப்பு இல்ல. மலைல பாடுபட்டவங்க மேலயும் தப்பு இல்ல. அப்டியே எழுது.”

அப்படியே எழுதினாள். அனுப்பினாள். இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள். டீ வந்தது, ஆறிப்போனது. மெயில் வந்தது.

முதல் வரியைப் படித்ததும் ஜெபீனா எழுந்து நின்று ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள், மாடியிலிருந்து தாஹிரா, “கெடச்சிடுச்சா?” என்று கேட்டாள். அத்தனை மூட்டையும் பியாங்காவுக்குத்தான்! உடனே செவ்வந்தியைக் கூப்பிட்டாள். “அக்கா, மொத்தமும் போவுது! மொத்தமும்!” அந்தப் பக்கம் பெண்கள் எல்லாரும் சேர்ந்து எழுப்பிய சத்தத்தில் ஜெபீனாவே போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

“அடில இன்னும் இன்னாவோ எழுதிக்கீதே?” என்றார் கவுஸ், திரையை எட்டிப் பார்த்து.

ஜெபீனா படித்தாள். படிக்கப் படிக்க அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “உங்க அத்தா ஒலகத்துல இருக்கிற அத்தினி பேரையும் கூப்ட்டாராம், எனக்கு மட்டும் ஏன் பத்திரிக வரலன்னு கேக்கறாங்க அத்தா.”

பியாங்காவின் முகவரி ஜெபீனாவின் மெயிலில் மட்டும்தான் இருந்தது. கவுஸ் முகத்தில் ரத்தமே இல்லை. கருப்புப் பட்டியலுக்குக்கூட மனிதர் இப்படி ஆடிப்போகவில்லை.

“ஐயய்யோ! முக்கியமான ஆள வுட்டுட்டனே! இன்னா நெனச்சிருப்பாங்க!” என்று எழுந்தவர், மாடிப்படியைப் பார்த்துக் கத்தினார்: “தாஹிரா! மீதி பத்திரிக இருந்தா எடுத்துக்கினு வா! இத்தாலில ஒரு வூடு வுட்டுப்போச்சு!”