உப்பளத்திலிருந்து பூனாகலைக்கு ஒரு போத்தல் ரோஸ் தண்ணீர்

மலைமேல் இருக்கும் பூனாகலையிலிருந்து உப்பளம் பார்க்க யாராவது போவார்களா என்று சிரித்தவர்கள்தான் அதிகம். எனக்குக் காரணம் இருந்தது. நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு இந்த வருடம்தான் முதல் நுணுக்குக்காட்டி, அதுதான் மைக்ரோஸ்கோப், வந்தது. குளத்துத் தண்ணீரையும் வெங்காயத் தோலையும் பார்த்து முடித்த பிள்ளைகள், "உப்புல ஏது டீச்சர் உசுரு? சும்மா எழுதியிருக்காங்க" என்று புத்தகத்தையே நம்ப மறுத்தார்கள். விடுமுறை முடிந்த முதல் நாளே கண்முன் காட்டுகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். காட்டாவிட்டால் அதன்பிறகு நான் சொல்வதை எவன் நம்புவான்?

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். துணைக்கு அண்ணன் மனைவி புஷ்பம் மதினி. கொழுந்து பறிக்கிறவர், கடலையே பார்த்ததில்லை. அதிகாலை 5.10க்குப் பண்டாரவளை பஸ், அங்கிருந்து எல்ல வழியாக வெல்லவாய, பிறகு அம்பாந்தோட்டை. பண்டாரவளையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். போக மட்டும் ஆளுக்கு 740 ரூபாய் ஆனது. 11.20க்கு இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. ஸ்வெட்டரோடு வந்த மதினியைப் பார்த்து பஸ் நடத்துனரே சிரித்தார்.

உப்பளத்தில் கடல் நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காய வைக்கிறார்கள். உப்பு விளையும் கடைசிப் பாத்திகளில் தண்ணீர் ரோஸ் நிறம். மதினி வாய் பிளந்தார்.

"யாரு புள்ள இதுல சாயம் ஊத்துனா?"

"சாயம் இல்ல மதினி. எல்லாம் உசுரு. கண்ணுக்குத் தெரியாத கிருமி, உப்புலயே பொறந்து உப்புலயே வாழுது."

"அடி ஆத்தி! இதையா நாம கறியில போடுறோம்?"

மேற்பார்வையாளரிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அனுமதி கேட்டு, ஒரு லீட்டர் போத்தலில் அந்தத் தண்ணீரை நிரப்பிக்கொண்டேன். மதினி தன் பங்குக்கு, வரப்பில் கிடந்த உப்புக் கட்டி ஒன்றை அவரிடம் கேட்டு வாங்கினார். மழைக்காலத்தில் மலைக்குப் போகும் எங்கள் பெண்கள் இடுப்பில் சின்ன உப்பு முடிச்சு வைத்திருப்பார்கள். காலில் ஏறும் அட்டையில் அதைத் தொட்டு வைத்தால் விழுந்துவிடும்.

மாலை பஸ்ஸில் நான் நன்றாகத் தூங்கிவிட்டேன். போத்தல் மூடி சரியில்லை. வளைவுகளில் பாதித் தண்ணீர் கொட்டிப்போனது எனக்குத் தெரியாது. இராவணன் எல்ல நீர்வீழ்ச்சியடியில் தேநீருக்காக பஸ் பத்து நிமிடம் நின்றபோது மதினி அதைப் பார்த்திருக்கிறார். குறைகுடத்தை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் லயத்து வீடுகளில் சட்டம். இறங்கி, அருவித் தண்ணீரை முட்ட முட்ட நிரப்பி வைத்துவிட்டார்.

முதல் நாள் வகுப்பில் நுணுக்குக்காட்டியின் கீழ் ஒன்றுமே இல்லை. எத்தனை துளி வைத்தாலும் வெறும் தண்ணீர். "பாத்தீங்களா டீச்சர்" என்று பின்வரிசை சிரித்தது.

வீட்டுக்குப் போய் விசாரித்தபோதுதான் அருவிக் கதை வெளியே வந்தது. இந்த உயிர்களுக்கு உப்புதான் காவல். நல்ல தண்ணீர் பட்டால் ஊறி வெடித்துவிடும். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மதினி உள்ளே போய்த் தன் உப்பு முடிச்சை எடுத்துவந்து மேசையில் போட்டார்.

"இந்தா. ஒன் உப்பும் வேணாம், ஒன் கடலும் வேணாம்."

முடிச்சு அவிழ்ந்து உள்ளே இருந்த கட்டி உருண்டது. லேசான ரோஸ் நிறம். எனக்குப் பொறி தட்டியது. உப்புக் கட்டிக்குள் சின்னச் சின்ன நீர்க்குமிழிகள் சிக்கியிருக்கும். அதற்குள் இந்த உயிர்கள் வெகுநாள் தாக்குப்பிடிக்கும். மதினியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "சரி சரி, மொதல்ல அது பொழைக்குதான்னு பாரு" என்றார்.

கொதித்து ஆறிய நீரில், கட்டி கரையக் கொஞ்சம் இடம் விட்டு, நிறையக் கல்லுப்பைக் கரைத்தேன். பேக்கரியில் வாங்கிய ஈஸ்டில் ஒரு சிட்டிகை சாப்பாடாகப் போட்டு, கட்டியில் பாதியை உடைத்து இறக்கி, வகுப்பு ஜன்னல் வெயிலில் வைத்தேன். மேகத்துக்குள் ஒளிந்திருக்கும் பூனாகலை வெயிலைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே! மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இருபத்தாறாம் நாள் காலை, பின்வரிசைதான் முதலில் கத்தியது. தண்ணீர் ரோஸ் நிறத்துக்கு மாறியிருந்தது. நுணுக்குக்காட்டியின் கீழ் குச்சி குச்சியாக நெளிந்த உயிர்களைப் பார்க்க அன்றைக்கு வரிசை வாசல் வரை நின்றது.

போகிறவர்களுக்கு: ஆகஸ்ட், செப்டம்பர் நல்ல காலம். அனுமதி கேட்காமல் வரப்பில் ஏறாதீர்கள். தொப்பி எடுங்கள், ஸ்வெட்டரை பஸ்ஸிலேயே கழற்றிவிடுங்கள். இறுக்கமான மூடியுள்ள போத்தல் அவசியம். கொட்டினால் கொட்டட்டும், நிரப்பாதீர்கள்.

ஐப்பசி மழையில் மலை முழுக்க அட்டை. மிச்சமிருந்த ரோஸ் உப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மதினி வாங்கவில்லை, கடையில் வாங்கிய வெள்ளை உப்பைத்தான் முடிந்துகொண்டிருந்தார்.

"அத எப்புடி புள்ள அட்டைக்கு வைக்கிறது? உள்ள ஆளுங்க இருக்காங்கள்ல."