துரையின் உயிலில் எங்கள் பங்கு

லூனாஸ் கடைத்தெருவில், மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் வக்கீல் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன். கிள்ளானிலிருந்து காலையிலேயே கிளம்பி வந்தது எங்கள் எஸ்டேட்டுக்காக. வீட்டில் அப்படித்தான் சொல்வோம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய எங்கள் முப்பாட்டனார் பெயர் வெள்ளைக்காரத் துரையின் உயிலில் இருக்கிறதாம். யாரும் கண்ணால் பார்க்காத அந்த நிலத்தைப் பங்கு பிரிப்பதில் சண்டை வந்து, அப்பாவும் பெரியப்பாவும் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போவதில்லை. வரும் வழியில் செம்பனைத் தோட்டம் ஒவ்வொன்றையும் முதலாளிக் கண்ணோடுதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

குமாஸ்தா அக்கா பழைய நிலப் பத்திரக் கட்டிலிருந்து உயிலின் நகலை உருவி எடுக்கிறார். பங்களா தங்கைக்கு, தோட்டம் தம்பி மகனுக்கு. வளர்ப்பு நாய்க்குக்கூட ஆயுசுக்கும் இறைச்சி எழுதி வைத்திருக்கிறார் துரை. கடைசிப் பக்கத்தில் முப்பாட்டனார் பெயர் இருக்கிறது, பக்கத்திலேயே கைநாட்டு.

"இருக்கு பாருங்கக்கா," என்கிறேன்.

"இது சாட்சி, தம்பி. சாட்சி போட்டவங்களுக்கு உயில்ல ஒன்னும் கெடைக்காது லா. அதான் சட்டம்."

"அப்புறம் எதுக்கு இவரப் போய்க் கூப்பிட்டாரு?"

"யாருக்கு ஒன்னும் குடுக்கப் போறதில்லையோ, அவங்களத்தான் கூப்பிடுவாங்க."

நாயை ஏன் சாட்சிக்குக் கூப்பிடவில்லை என்பது இப்போது விளங்குகிறது.

கைப்பேசியில் பெரியப்பா கேட்டிருக்கிறார்: "எத்தன ஏக்கர்?"

கைநாட்டை மட்டும் படமெடுத்து அனுப்பி, நமக்கு வந்தது இவ்வளவுதான் என்று எழுதுகிறேன்.

உடனே பதில் வருகிறது: "ஒங்கப்பன்கிட்ட காட்டாத."